சூசைமாணிக்கத்தின் கைராசி

சூசைமாணிக்கம் உடம்பு விசாரிக்க வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், ஆனையூரில் பாதிப் பேருக்கு அந்த நிமிஷமே காய்ச்சல் இறங்கிவிடும். விளையாட்டுப் பேச்சில்லை. நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிற ஜவுளிக்கடை ராஜாராம் மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்காமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். ஒரே தெருப் பழக்கம் ஆயிற்றே என்று சூசைமாணிக்கம் நாலு சாத்துக்குடியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்த ராஜாராமின் மனைவி நாகமணி, அவர்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷையில் என்னவோ கத்தியபடி உள்ளே ஓடினாள். இவர் செருப்பைக் கழற்றிப் படி ஏறுவதற்குள் ராஜாராம் சட்டை போட்டு, தலை சீவி, வண்டிச் சாவியோடு நடுவீட்டில் நின்றார்.

"எனக்கென்ன சார், கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். கடைக்குத்தான் கிளம்பிக்கிட்டிருக்கேன்" என்றவர், நிஜமாகவே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவர் கடைக்கு விடுமுறை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் சூசைமாணிக்கம் கெட்ட மனுஷனா? சத்தியமாக இல்லை. அறுபத்திரண்டு வயது. ஆனையூர் மெயின் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. தண்ணி மோட்டார், கிரைண்டர், மிக்சி, ஃபேன் என்று எது புகைந்து செத்தாலும் அவரிடம்தான் வரும். எரிந்துபோன கம்பியை அறுத்தெடுத்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஸ்விட்சைத் தட்டினால், செத்தது எழுந்து உறுமும். அந்த வார்னிஷ் வாடை மட்டும் அவர் உடம்பை விட்டுப் போகாது. அவர் மனைவி சலேத்மேரி கல்யாணமான நாளிலிருந்து சோப்பை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போனாள். பகலெல்லாம் செத்த மோட்டாருக்கு உயிர் கொடுக்கிற மனுஷனைக் கண்டு உயிருள்ளவர்கள் ஓடினார்கள் என்றால், எல்லாம் அவருடைய பாதுகாவலரால் வந்தது.

கத்தோலிக்க வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஒரு புனிதரின் பெயரை வைப்பார்கள். அன்றிலிருந்து அந்தப் புனிதர் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாவலர். பெயருக்கு ஒருவர் என்றால், காரியத்துக்குக் காரியம் வேறு ஆள் உண்டு. சாவி தொலைந்தால் அந்தோணியார். கண் வலிக்கு லூசியாள். பல் வலிக்கு அப்போலோனியா. தொண்டையில் மீன் முள் சிக்கினால் பிளாசியார். வக்கீலும் டாக்டரும் கைவிரித்த கேஸ் எல்லாம் யூதா ததேயுவின் தலையில். 'புனிதர்கள் தாங்களாக எதையும் கொடுப்பதில்லை, கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறவர்கள், அவ்வளவுதான்' என்று பங்குச் சாமியார் வருஷா வருஷம் பிரசங்கம் வைக்கத்தான் செய்கிறார். சனம் ஆமென் சொல்லும். கோயிலை விட்டு வெளியே வந்ததும், எந்தப் புனிதர் எதற்கு உடனே கேட்பார் என்றுதான் பேசிக்கொள்ளும்.

சூசைமாணிக்கம் பிறந்தது மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள். பெயருக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. யேசுவை வளர்த்த சூசையப்பர் தச்சர், ஆகவே உழைப்பாளிகளுக்குப் பாதுகாவலர். குடும்பத் தலைவர்களுக்கும் அவர்தான். இதோடு நின்றிருந்தால் நம்முடையவர் பிழைப்பு நன்றாக ஓடியிருக்கும். ஆனால் சூசையப்பருக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது, நல்ல மரணம். அவர் கண்மூடும்போது ஒரு பக்கம் மாதாவும் இன்னொரு பக்கம் யேசுவும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நம்பிக்கை. அதைவிட நல்ல சாவு எந்த மனுஷனுக்கு வாய்க்கும்? அதனால் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களின் தலைமாட்டில் சூசையப்பர் செபம் சொல்வது வழக்கம். ஆனையூர்க் கோயில் பங்கில் அதைச் சொல்லிவந்த பெரியவருக்குக் கண் மங்கிப்போனதும் சாமியார் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"உன் பேரே சூசை. நீயே படிச்சிருப்பா" என்று புத்தகத்தை இவர் கையில் திணித்தார். மாட்டேன் என்ற வார்த்தையே வாயில் வராத பிறவி. வாங்கிக்கொண்டார்.

முதல் வீட்டில் ஒரு தாத்தா ஒன்பது நாளாக இழுத்துக்கொண்டிருந்தார். சூசைமாணிக்கம் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் தாத்தா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். நாலாவது வரியைக் கேட்க அவர் இல்லை. அடுத்து ஒரு மூதாட்டி, முதல் வரியிலேயே. அதற்கடுத்தவர் இவர் செருப்புச் சத்தத்துக்கே போய்விட்டார். 'கைராசின்னா இதான்யா கைராசி' என்று ஊர் வாயைப் பிளந்தது. அப்புறம் இந்து வீடுகளிலும் கூப்பிட்டார்கள். திருநகரிலிருந்து கார் அனுப்பினார்கள். பதினெட்டு வருஷத்தில் முப்பத்தேழு பேர். அந்தக் கணக்கை வைத்திருந்தது அவர் அல்ல, ஊர். ஒருவர் கையைப் பிடித்தால் அது ஜில்லிட்டுப் போகிறவரைக்கும் இவர் விடமாட்டார் என்பதை மட்டும் ஊர் கவனிக்கவில்லை.

போகிறவர்களுக்கு அவர் தேவை. இருக்கிறவர்கள் அவரைக் கண்டால் தெரு மாறிப் போவார்கள். கல்யாண வீட்டில் பந்தலின் கடைசி வரிசையில் உட்காரவைத்து, முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டு, தாலி கட்டுவதற்குள் அனுப்பிவிடுவார்கள். இதையாவது பொறுக்கலாம். சலேத்மேரிக்கு டைபாய்டு வந்தபோது, முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின அந்தப் புண்ணியவதியே, "ஏங்க, நான் தேறி எந்திரிக்கிற வரைக்கும் கடையிலயே படுத்துக்கங்களேன்" என்றாள். அதற்கும் சிரித்துக்கொண்டே தலையணையை எடுத்துக்கொண்டு போனார் மனுஷன். அக்கா விஷயம் வருகிறவரை அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

அக்கா பிலோமினா இவரைவிட ஏழு வயது மூத்தவள். திருநகரில் மகன் டைட்டஸ் வீட்டில் இருந்தாள். தம்பியை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அவளுக்கு ரோமாபுரியோடு ஒரு தீராத வழக்கு உண்டு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, புனித பிலோமினாளைப் பற்றிச் சரியான வரலாறு இல்லை என்று சொல்லி அந்தத் திருநாளைத் திருச்சபைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'திருநாளைத்தாம்மா எடுத்தாங்க, நீ தாராளமா கும்பிடலாம்' என்று ஏழெட்டுச் சாமியார்கள் விளக்கிப் பார்த்தார்கள். அக்கா கேட்பாளா? "பேர வச்சுட்டு ஆளத் தூக்கிட்டாங்க. சிபாரிசுக்கு ஆளில்லாத அநாதப் பொம்பள நான்" என்று அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அக்காவுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிற்று. மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். வயதைப் பார்த்துவிட்டு, பாதிக்குப் பாதி என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை டைட்டஸ் போன் பண்ணினான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரில சேர்க்கிறோம் மாமா. வியாழக்கிழமை காலைல ஆபரேஷன்."

"இந்தா, இப்பவே கிளம்பி வாரேன் மாப்ள."

அந்தப் பக்கம் டைட்டஸ் குரலைத் தாழ்த்தினான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மட்டும் வர வேணாம்."

"நானா?"

"வீட்லருந்தே கும்பிடுங்க மாமா. அதுகூட சூசையப்பர்கிட்ட வேணாம். வேற யார்கிட்டயாச்சும் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு சூசைமாணிக்கம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு டேபிள் ஃபேனுக்குக் கம்பி சுற்ற ஆரம்பித்து, எத்தனை சுற்று என்று தவறவிட்டு, அவிழ்த்து, மறுபடி சுற்றி, மறுபடி தவறவிட்டார். இடுப்பில் வைத்து வளர்த்த அக்காவைப் போய்ப் பார்க்கக்கூடாது என்றால் இது என்ன நியாயம்? பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் கெட்ட பாதி நடந்துவிட்டால், கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கவும் கொடுத்துவைக்காது. அதைவிட மோசம், டைட்டஸ் சொன்னதில் உண்மை இருக்குமோ என்று அவருக்கே உள்ளுக்குள் உதறியது. முப்பத்தேழு பேர் ஆயிற்றே! முப்பத்தெட்டாவது அக்காவாகிவிட்டால்?

அந்த நேரத்தில் ரிப்பேர் மோட்டார் ஒன்றை இறக்க ஷேக் தாவூது வந்தார். கோரிப்பாளையத்துக்காரர், லோடு ஆட்டோ வைத்திருக்கிறார், இருபது வருஷச் சிநேகம். முழுக்கதையையும் கேட்டுவிட்டு தாடையைச் சொறிந்தார்.

"ஏண்ணே, நாங்க தர்காவுக்குப் போனா எல்லா துஆவையும் ஒரே எடத்துல கேட்டுட்டு வந்துர்றோம். உங்ககிட்ட என்னண்ணே இம்புட்டு டிபார்ட்மென்ட்டு? நீங்க வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாறிக்கங்க. சோலி முடிஞ்சது."

இது சூசைமாணிக்கத்துக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. பாதுகாவலரை மாற்றிவிட்டால் ராசியும் மாறிவிடும் அல்லவா? கடையில் இருந்த சூசையப்பர் படத்தை எடுத்துத் துடைத்து, மன்னிப்புக் கேட்டு, மேசை டிராயருக்குள் வைத்தார். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள். அன்றைக்கே அந்தோணியார் பக்கம் சேர்ந்துவிடுவது என்று முடிவாயிற்று.

"எடுத்த எடுப்புல அக்கா விஷயத்தக் கேக்காதீங்க. சின்னதா ஒண்ணக் கேட்டு ட்ரையல் பாருங்க" என்றார் தாவூது.

ட்ரையலுக்குத் தோதாக, பின் தெரு சோணையம்மாளின் வெள்ளாடு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணாமல் போயிருந்தது. தொலைந்த பொருள் அந்தோணியாருக்குக் கைவந்த வேலை. சூசைமாணிக்கம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே குளித்து, கோயிலுக்குப் போய், மெழுகுவத்தி ஏற்றி, முழந்தாளில் நின்று உருகி வேண்டினார். கோடி அற்புதர் என்று பேர் வாங்கிய அந்தோணியார் கைவிடவில்லை. பத்து மணிக்கெல்லாம் ஆடு கிடைத்துவிட்டது. பாழுங்கிணற்றில் கிடந்தது. உயிர்தான் இல்லை.

சோணையம்மாள் கடை வாசலில் வந்து நின்று மண்ணை வாரி இறைக்காத குறை. "காணோம்னு இருந்தப்பவாச்சும் எங்கிட்டோ மேயுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே! உன்னய யாருய்யா கும்பிடச் சொன்னது? இருக்கிற ரெண்டு குட்டியவாச்சும் விட்டு வையி!"

அந்தோணியார் பக்கமும் அத்தோடு முடிந்தது. புதன்கிழமையும் வந்துவிட்டது. விடிந்தால் ஆபரேஷன்.

"செபம் கிபம் எல்லாம் விடுங்கண்ணே. போய் அக்காவப் பார்த்துட்டு மட்டும் வாங்க" என்றார் தாவூது. "ஆஸ்பத்திரில எல்லாப் பயலும் மாஸ்க்குதான் போட்டுருக்கான். நீங்களும் ஒண்ண மாட்டிக்கிட்டா எவனுக்குத் தெரியும்?"

சூசைமாணிக்கம் இரண்டு முறை குளித்தார். சலேத்மேரியின் பவுடரைக் கழுத்து வரைக்கும் கொட்டிக்கொண்டார். மாஸ்க், தலைக்குத் தொப்பி. தாவூதின் ஆட்டோவில் உட்கார்ந்து மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கியபோது, சொந்த மனைவிக்கே அடையாளம் தெரியாது என்ற தைரியம் வந்திருந்தது.

மூன்றாவது மாடியில் கடைசி ரூம் அக்காவுடையது. அங்கே போவதற்கு எலும்பு முறிவு வார்டைத் தாண்ட வேண்டும். அந்த வார்டில் முதல் கட்டிலில், பைக்கிலிருந்து விழுந்து காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆனையூர் பால்காரர் காளை படுத்திருந்தார். போன வருஷம் அவர் அப்பாவுக்கு இவர்தான் செபம் சொன்னார். காளை அரைத் தூக்கத்தில் இருந்தார். மாஸ்க்கை அவர் பார்க்கவில்லை, தொப்பியைப் பார்க்கவில்லை. ஆனால் பவுடரையும் மீறிக்கொண்டு ஒரு வாடை அவர் மூக்கில் ஏறியது. வார்னிஷ்.

காளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அய்யய்யோ! சூசைமாணிக்கம்ல வந்துருக்காரு! காலு மட்டுந்தான் போச்சு, உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களே! டாக்டரு பொய் சொல்லிட்டாரா? ஏம்மா நர்ஸு, உண்மையச் சொல்லு, எனக்கு என்னம்மா?"

"யோவ், நான் உன்னயப் பார்க்க வரலய்யா!" என்று சூசைமாணிக்கம் மாஸ்க்கைக் கழற்றிச் சொன்னார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. காளைக்கு அடுத்த கட்டிலும் ஆனையூர்தான். 'அப்ப யாரைப் பார்க்க வந்திருக்கார்?' என்ற கேள்வி கட்டில் கட்டிலாகப் போயிற்று. ஒருவர் ஜெபமாலையைத் தேடினார். ஒருவர் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடி வந்த டைட்டஸின் முகம் செத்துப்போயிற்று.

"மாமா, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். போயிருங்க."

கழற்றிய மாஸ்க்கைக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆட்டோவின் பின்னால், யாருடைய தண்ணி மோட்டாரோ ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சூசைமாணிக்கம் அழுதார். "நான் என்ன தாவூது பாவம் பண்ணேன்? வான்னு கூப்பிட்டாங்க, போனேன். படின்னாங்க, படிச்சேன். எங்கக்காவப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கலையே" என்று விசும்பினார். தாவூது டீக்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

டீயில் ஆடை படிந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்கா.

"டேய் சூசை, எங்கடா இருக்க?"

"கீழ. ஆட்டோல."

"ஆட்டோல என்னடா பண்ற? அந்தப் பால்காரன் போட்ட கூப்பாடு என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வர்ற. புத்தகத்த எடுத்துக்கிட்டு வர்ற. நீ வராம அந்தத் தள்ளுவண்டில ஏறிப் படுக்க மாட்டேன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டேன்."

"அக்கா, டைட்டஸு வந்து..."

"அவன் கெடக்கான். அவனப் பெத்தவ நானா, என்னப் பெத்தவன் அவனா? வந்து சேரு."

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே சூசைமாணிக்கம் ரூம் வாசலில் நின்றார். டைட்டஸ் கைகட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். "மாமா, அந்தச் செபம் மட்டும் வேணாம்" என்று வாய்க்குள் சொன்னான்.

"எம்மேல சத்தியமா இல்ல மாப்ள" என்றார் இவர். ராத்திரியே முடிவு பண்ணியிருந்தார், சகல புனிதர்களின் மன்றாட்டு மாலை. ஒருவரை நம்பினால்தானே வம்பு? மோட்சத்தில் இருக்கிற அத்தனை பேரையும் வரிசையாகக் கூப்பிட்டுவிடுவது. ஒரே ஒருவரைத் தவிர.

அக்கா பச்சைத் துணியில் சின்னதாகக் கிடந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழக்கதோஷம், கை தானாகப் போய் அவள் கையைப் பிடித்தது. தொண்டையைச் செருமினார். டைட்டஸுக்கு முதுகில் வேர்த்துவிட்டது.

"புனித மிக்கேலே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் அக்கா.

"புனித கபிரியேலே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

ரபேல் வந்தார், சம்மனசுகள் என்கிற வானதூதர்கள் எல்லாரும் வந்தார்கள், ஸ்நாபக அருளப்பர் வந்தார். சூசைமாணிக்கம் ஒரு வரியைத் தாண்டிக் கண்ணை அடுத்த வரியில் வைத்தார்.

"புனித இராயப்பரே."

பதில் வரவில்லை. சூசைமாணிக்கத்துக்கு உயிரே நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்கா இரண்டு கண்ணையும் நன்றாக விழித்து அவரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல ஒருத்தரக் காணோமே?"

"யாரக்கா?"

"என்கிட்டயேவாடா? அருளப்பருக்கு அடுத்து யாரு? சின்னப்புள்ளைல இருந்து சொல்லிட்டு வர்றேன், எனக்கா தெரியாது?"

"அவரு வேணாம்க்கா" என்றார் இவர். "அவரு பேரச் சொன்னா ஆள் போயிருதுக்கா. நீ போயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?"

அக்காவின் வாயில் வந்தது திட்டு இல்லை. "எனக்குன்னு இருந்த ஆள ரோமாபுரில எடுத்துட்டாங்கன்னு எம்புட்டு அழுதேன் தெரியுமா உனக்கு? அடுத்த வருஷந்தான் நீ பொறந்த. உன்னயத் தூக்கிக்கிட்டுப் போயிச் சூசையப்பர்கிட்ட, 'தம்பியோட ஆளு நீரு, எனக்கும் சேர்த்துப் பார்த்துக்கிரும்'னு சொல்லிட்டு வந்தேன். அன்னைல இருந்து உன் ஆளத்தான்டா இரவல் வாங்கி வச்சிருக்கேன். அவரையும் நீ தூக்கிட்டா, உள்ள நான் யாரோடடா போவேன்?"

சூசைமாணிக்கம் தாண்டிவந்த வரிக்கு விரலை நகர்த்தினார். சுவரோரம் நின்றிருந்த டைட்டஸ் மூக்கை உறிஞ்சினான். "சொல்லுங்க மாமா" என்றான்.

"புனித சூசையப்பரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அக்கா அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. லிஃப்ட் கதவு மூடுகிறவரை இவர் கையை விடவில்லை. அவரை விலக்கிவிடுவதற்கு இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னார். மறுநாள் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்தார்கள். மூச்சு ஒழுங்காக இருந்தது, நாடி ஒழுங்காக இருந்தது. ஆனால் அக்கா கண்ணைத் திறக்கவில்லை. டைட்டஸ் கூப்பிட்டான், மருமகள் கூப்பிட்டாள், அசைவே இல்லை. மத்தியானம் சூசைமாணிக்கத்துக்குப் போன் வந்தது.

"மாமா, பழகுன குரலாக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்றாங்க. நீங்க ஒருதடவ வாங்க மாமா."

இப்போது பயந்தது அவர்தான். ஐசியூ கதவுக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றார். டைட்டஸ் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட வேண்டியதாயிற்று. கட்டில் அருகே போய்க் கையைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பு அவருக்கு முப்பத்தேழு தடவை தெரியும். "அக்கா" என்று கூப்பிட வாயெடுத்தும் குரல் எழும்பவில்லை.

அக்காவின் மூக்கு லேசாகச் சுருங்கியது. ஒரு தடவை இழுத்துப் பார்த்தது. வார்னிஷ்.

"நான் செத்துட்டேனாடா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"இல்லக்கா! இல்லக்கா! இருக்கக்கா!"

"அப்புறம் நீ ஏண்டா இங்க நிக்கிற?"

சூசைமாணிக்கம் சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒரே மூச்சில் பண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டைட்டஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அக்கா மெதுவாகக் கண்ணைத் திறந்து தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்ததுதான் வந்த. விட்ட எடத்துல இருந்து படி."

சட்டைப் பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். சூசையப்பருக்கு அடுத்த வரியைப் பார்த்ததும் புத்தகத்தைப் பாதி மூடினார். மோட்சத்துக் கதவுக்குச் சாவி வைத்திருக்கிறவர் ஆயிற்றே!

"என்னடா முழிக்கிற? யாரு அடுத்து?"

"இராயப்பருக்கா."

அக்கா யோசித்தாள்.

"சாவி பத்திரமா அவருகிட்டயே இருக்கட்டும், இப்பத்தைக்கு வேணாம்னு சொல்லிட்டுப் படி" என்றாள்.